குல நிலம், ஏழு பேர் சபை, மூன்று பெண்கள்: ஆப்பிரிக்கக் கிராமங்களில் நிலம் யார் பேச்சில் இருக்கிறது?

செங்காந்தள்:

தான்சானியாவில் 1999இல் கிராம நிலச் சட்டம் வந்தது. நிலத் தகராறுகளைப் பேசித் தீர்க்க ஒவ்வொரு கிராமத்திலும் ஏழு பேர் கொண்ட ஒரு சபை வேண்டும் என்கிறது அது. ஏழில் மூவர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக நான்கு பேர் வந்திருக்க வேண்டும்; அந்த நால்வரில் இருவர் பெண்கள். பெண்கள் வராவிட்டால் கூட்டமே நடத்த முடியாது என்று பொருள்.

படித்ததும் எனக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே அதிகம். அந்த ஏழு பேரை முன்மொழிவது கிராம நிர்வாகக் குழு, ஒப்புதல் தருவது ஊர்ப் பொதுக்கூட்டம். நிர்வாகக் குழுவில் பெண்களுக்குக் கட்டாயமான இடம் கால் பங்குதான். முக்கால்வாசி ஆண்கள் உட்கார்ந்திருக்கும் குழு, வாய் திறக்காத மூன்று பெண்களாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பிவிடலாமே! அப்படி வந்தவர் தன் கொழுந்தனார் மீது வரும் வழக்கில் என்ன பேசிவிடப் போகிறார்?

தெரிந்தவர்கள் எழுதுங்கள். 'ஆப்பிரிக்கப் பெண்கள் பாவம்' என்ற பல்லவி மட்டும் வேண்டாம். அது 54 நாடுகள் கொண்ட கண்டம். நாட்டின் பெயரையும் முடிந்தால் சட்டத்தின் ஆண்டையும் போட்டு எழுதினால் பேச வசதியாக இருக்கும்.

சட்டப்பிரியன்:

தான்சானியாவில் தொடங்கியிருப்பதால் அங்கேயே ஒரு வழக்கைச் சொல்கிறேன். சட்டக் கல்லூரிகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு.

விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையில் ககேரா பகுதி. ஹயா மக்கள் வாழும் இடம். ஹோலாரியா பாஸ்டோரி என்ற பெண்ணுக்கு அவருடைய தந்தை உயில் எழுதிக் குல நிலத்தைக் கொடுத்திருந்தார். வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று 1988 ஆகஸ்டில் அந்த நிலத்தை 3,00,000 ஷில்லிங்குக்கு விற்றார். வாங்கியவர் அந்தக் குலத்தைச் சேராதவர். உடன்பிறந்தார் மகன் முறை உறவினரான பெர்னார்டோ எஃப்ரஹிம் வழக்குப் போட்டார். 1963இல் அரசே தொகுத்து அறிவித்த வழமைச் சட்ட விதிகள் அவர் பக்கம் இருந்தன: குல நிலத்தைப் பெண் தன் ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்கக் கூடாது.

அடிநிலை நீதிமன்றம் விற்பனை செல்லாது, பணத்தைத் திருப்பிக் கொடு என்றது. மாவட்ட நீதிமன்றம் அதை மாற்றியது. மேல்முறையீடு முவான்சாவில் இருந்த உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1990இல் நீதிபதி முவலுசான்யா தீர்ப்பளித்தார். 1984இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட உரிமைகள் அத்தியாயம் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆகவே அந்த விதி நிற்காது, விற்பனை செல்லும்.

பலரும் இத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்குச் சுவையானது தீர்ப்பின் கடைசிப் பகுதிதான். எஃப்ரஹிமுக்கு நிலம் வேண்டுமென்றால் அதே 3,00,000 ஷில்லிங்கை ஆறு மாதத்துக்குள் கட்டி மீட்டுக்கொள்ளலாம், தவறினால் வாங்கியவருக்கே சொந்தம் என்று எழுதினார். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆண் ஒருவர் குல நிலத்தை வெளியாளுக்கு விற்றால் ஹயா வழமை அதைச் செல்லாததாக்காது. குலத்தார் விலையைக் கொடுத்து மீட்கலாம் என்றுதான் சொல்லும். பெண் விற்றால் மட்டும் அடியோடு செல்லாது. நீதிபதி குலத்தின் மீட்பு உரிமையைத் தொடவே இல்லை. ஆணுக்கு என்ன விதியோ அதே விதிக்குள் பெண்ணையும் கொண்டுவந்தார், அவ்வளவே.

கரிசல்:

//விற்பனை செல்லும்//

என் கவலையே அதுதான். பெண்ணுரிமை என்று பேசத் தொடங்கி ஒவ்வொரு முறையும் விற்கும் உரிமையில் வந்து நிற்கிறோம். குல நிலம் சந்தைக்கு வராது என்பது ஒரு வேலி. அந்த வேலிக்குள்தான் கைம்பெண்ணும் திருமணமாகாத மகளும் ஏதோ ஒரு மூலையில் வாழைக் கன்று நட்டுப் பிழைத்தார்கள். பட்டா வந்தால் அடமானம் வரும். அடமானம் வந்தால் ஏலம் வரும். ஏலத்தில் எடுக்கப்போவது பக்கத்து வீட்டுப் பெண்ணா?

இன்னொன்று. 1963இல் 'வழமை' என்று அச்சடித்தார்களே, அது யாருடைய வழமை? வாயும் செல்வாக்கும் உள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதியது. ஊருக்கு ஊர், வழக்குக்கு வழக்கு வளைந்து கொடுத்த ஒன்றைத் தாளில் ஏற்றி இறுக்கிவிட்டு, பிறகு அதைக் காட்டி 'பாருங்கள், வழமை எவ்வளவு கொடியது' என்கிறோம்.

ஏரிக்கரை:

அதே ககேரா பகுதியில், புகோபா பக்கம் காபிக் கொட்டை பதப்படுத்தும் ஓர் ஆலையில் சில ஆண்டுகள் கணக்கராக இருந்தவன். நூலறிவு குறைவு, பார்த்ததைச் சொல்கிறேன்.

ஹயா வீட்டைச் சுற்றி இருக்கும் தோட்டத்தைக் கிபாஞ்சா என்பார்கள். நடுவில் வீடு, சுற்றிலும் வாழை, வாழை நிழலில் ரோபஸ்டா காபி, ஊடே அவரை. முன்னோரின் கல்லறைகளும் அதற்குள்தான். அந்த நிலத்தை வெளியாளுக்கு விற்பது என்றால் குலத்துக்கு ஏன் கொதிக்கிறது என்று அந்தக் கல்லறைகளைப் பார்த்தால் புரியும். கிபாஞ்சாவுக்கு வெளியே புல்வெளி, பெயர் ர்வேயா. மண் மெலிந்தது. பெண்கள் தங்கள் கைப்பணத்துக்காகப் பம்பாரா நிலக்கடலை போடுவது அங்கேதான். நல்ல மண்ணில் விளையும் காபிக்கான பணம் ஆணின் பெயரில் பதிவாகும். மெலிந்த மண்ணின் கடலை பெண்ணுடையது. எங்கள் ஆலைப் பேரேட்டில் பெண்கள் பெயர் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்படி இருந்த பெயர்களில் பெரும்பாலானவை கைம்பெண்களுடையவை.

செங்காந்தள் கேட்ட சபைக்கு வருகிறேன். ஓர் ஊரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கணவனை இழந்த ஒரு பெண், எதிரில் கொழுந்தனார். தகராறு வரப்பைப் பற்றியது. அங்கே எல்லை காட்டக் கல் நடுவதில்லை. டிரசீனாச் செடியை வரிசையாக நடுவார்கள். 'என் அண்ணன் உயிரோடு இருந்தபோதே நட்ட எல்லை இது' என்று கொழுந்தனார் சத்தியம் செய்தார். ஆண் உறுப்பினர்கள் அவருடைய அண்ணனின் குணநலன்களைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சபையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து போய் அந்தச் செடிகளில் ஒன்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். 'தண்டு என் விரல் பருமன்கூட இல்லை. போன மழைக்கு வைத்தது. பழைய வரிசை அதோ அந்த மூன்றாவது வாழைக்கு அந்தப் பக்கம். நான் அங்கே களை எடுத்திருக்கிறேன்' என்றார். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

அந்தச் சபையில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பதற்கு நியாயம், சமத்துவம் என்று எத்தனையோ காரணங்கள் சொல்லலாம். எனக்குப் பட்டது இது: வரப்பு எங்கே என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். குனிந்து மண் கொத்துகிறவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

செங்காந்தள்:

அருமை. அந்தக் கொழுந்தனார் கட்டுப்பட்டாரா?

ஏரிக்கரை:

இல்லை. சபை சமரசம் மட்டுமே பேசலாம். கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது. 'எனக்கு உங்கள் சமரசம் வேண்டாம்' என்று எழுந்து போய்விட்டார். மேலே போகப் பஸ் செலவும் நாள் கூலியும் அந்தப் பெண்ணின் தலையில்தான். ஆனால் அடுத்த மழைக்குக் கொழுந்தனார் புதிய செடி எதுவும் நடவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டப்பிரியன்:

கரிசல் சொல்லும் வேலியைப் பற்றி. 1963 ஆணையின் இன்னொரு விதியைப் பாருங்கள்: இறந்தவரின் குலத்தில் உறவினர் இருந்தால் மனைவிக்குச் சொத்தில் பங்கில்லை, அவளைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டதைப் போல. வாசிக்க எவ்வளவு பாசமான வரி!

ஷின்யாங்கா பகுதியில் இரண்டு பெண்கள், இருவருமே தையல் வேலை செய்தவர்கள். கணவர்கள் இறந்ததும் சொத்து கணவரின் சகோதரர்களுக்குப் போனது. சின்னப் பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இவர்கள் வழக்கில் உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது விசித்திரமானது: விதிகள் பாகுபாடானவைதான், ஆனால் வழமையை நீதிமன்ற ஆணையால் மாற்ற முடியாது. மேல்முறையீடு 2010இல் ஆவணத்தில் இருந்த நடைமுறைக் குறையைக் காட்டித் தள்ளுபடியானது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவிடம் போனார்கள். தான்சானிய அரசு உடன்படிக்கையை மீறியது என்று 2015இல் அக்குழு முடிவு சொன்னது. பாஸ்டோரி வழக்கு 1990. கால் நூற்றாண்டு கழிந்தும் அதே 1963 ஆணையோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

கரிசல், வேலி இருந்தது உண்மை. அதன் கதவைத் திறக்கும் உரிமை கொழுந்தனாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தும்பை:

ருவாண்டாவை யாரும் தொடவில்லையே என்று வந்தேன். நான் வரைபட வேலையில் இருப்பவள்; அதனால் அந்நாட்டின் நிலப் பதிவை ஓரளவு ஆழமாகவே படித்தேன்.

1994 இனப்படுகொலைக்குப் பின் ஏராளமான வீடுகளில் மிஞ்சியவர்கள் கைம்பெண்களும் அனாதைச் சிறுமிகளும்தான். நிலமோ தந்தைவழியில் ஆணுக்குப் போகும் வழக்கம். 1999இல் வாரிசுச் சட்டம் மாறியது. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. 2003 அரசியலமைப்பு முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30 சதவீதம் பெண்கள் என்றது. பெண்கள் பெரும்பான்மையாக இருந்த முதல் நாடாளுமன்றம் உலகில் அங்கேதான் 2008இல் அமைந்தது. ஊர் மட்டத்தில் அபுன்சி என்ற சமரசக் குழுக்களிலும் அதே 30 சதவீதம் உண்டு.

அதன் பிறகுதான் அந்தப் பிரம்மாண்டமான வேலை. விமானத்திலிருந்து எடுத்த படங்களைத் தாளில் அச்சிட்டு, அந்தந்த ஊர் ஆட்களுக்கே சிறு பயிற்சி கொடுத்து, வயல் வயலாக நடந்து எல்லையைப் பேனாவால் வரைந்தார்கள். அக்கம்பக்கத்தார் சாட்சி. 2009இல் முழு வீச்சில் தொடங்கி ஐந்தாண்டுகளுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகள் பதிவாகின. செயற்கைக்கோள் துல்லியம் என்றெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் ஒரு நாட்டையே முடித்த விதம் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பொறாமை தரும். கணவன், மனைவி இருவர் பெயரும் சான்றிதழில் இடம்பெறும். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதும் இருக்கும்.

பள்ளம் எங்கே என்றால், 'மனைவி' என்பது சட்டப்படி பதிவு செய்த மனைவி. மரபு முறையில் மணந்தவர்கள், இரண்டாவது மனைவிகள் எல்லாம் பதிவில் இல்லாதவர்கள். முன்னோட்டமாகப் பதிவு நடந்த இடங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டது இதுதான்: சட்டப்படி மணமான பெண்களின் பிடி இறுகியது, பதிவில்லாத பெண்களின் பிடி நழுவியது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. பதிவு கிடைத்ததும் மண் அரிப்பைத் தடுக்கும் வரப்பு, அடுக்கு வேலைகளில் முதலீடு கூடியது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் அது மிகவும் கூடியது. பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் போனால்தானே சரிவில் கல் அடுக்கத் தோன்றும்?

கரிசல்:

தும்பை சொன்னதையே என் பக்கச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். தாள் வருவதற்கு முன் இரண்டாம் மனைவிக்கு ஊர் அறிந்த ஒரு வயல் இருந்தது. தாள் வந்த அன்று அவள் யாரோ ஆகிவிட்டாள். பதிவு என்பது சிலரைச் சேர்க்கும்போதே சிலரை அழிக்கும் வேலை.

தும்பை:

ஊர் அறிந்த வயல் என்பது கணவன் உயிரோடு இருக்கும்வரைதான் ஐயா. அவர் கண்ணை மூடியதும் ஊருக்கு மறதி வந்துவிடும். இரண்டாம் மனைவியின் பெயரையும் சேர்க்கும் படிவம் வேண்டும் என்று கேளுங்கள், சேர்ந்து கேட்கிறேன். படிவமே வேண்டாம் என்பது முதல் மனைவியையும் கைவிடுவது.

ஓலைப்பெட்டி:

நீங்கள் எல்லோரும் தந்தைவழிச் சமூகங்களையே பேசுகிறீர்கள். மலாவிக்கு வாருங்கள். நடு, தென் பகுதிகளில் செவா, யாவோ, லோம்வே மக்கள் தாய்வழியினர். நிலம் தாயிடமிருந்து மகளுக்கு. மணமான ஆண் மனைவியின் ஊருக்குப் போய் வாழ்வது சிக்கம்வினி முறை. மணமுறிவு என்றால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவது அவன்தான்.

கேட்க இனிக்கிறதா? நிலம் பெண்ணிடம், ஆனால் நிலத்தைப் பற்றிய பேச்சு தாய்மாமனிடம். சகோதரிகள், அவர்கள் பிள்ளைகள் அடங்கிய கூட்டத்துக்குப் பொறுப்பாளர் அவர். திருமணம், தகராறு, யாருக்கு எந்தத் துண்டு எல்லாவற்றிலும் அவர் சொல் கேட்கப்படும். ஆகவே நிலம் கையில் இருந்தால் தலைமை தானாக வந்துவிடும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

2016இல் வந்த வழமை நிலச் சட்டம் அங்கேயும் குழு அமைக்கிறது. ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுக்கும் ஆறு பேரில் மூவராவது பெண்கள். தலைமை நாற்காலி மட்டும் குழுக் கிராமத் தலைவருக்கு, அதாவது பல கிராமங்கள் சேர்ந்த தொகுதியின் தலைவருக்கு. ஆறில் மூன்று என்பது ஏழில் மூன்றைவிட நல்ல கணக்கு. தலைவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதுதான் கேள்வி. மலாவியில் பெண் தலைவர்கள் புதிதல்ல என்பதையும் சேர்க்க வேண்டும். டெட்சா மாவட்டத்தின் தெரேசா கச்சிண்டமோட்டோ தன் ஆளுகையில் நூற்றுக்கணக்கான சிறார் திருமணங்களை ரத்து செய்தவர். ஒப்புதல் கொடுத்த கிராமத் தலைவர்களைப் பதவியிலிருந்து தூக்கி, திருமணம் ரத்தான பிறகே திரும்ப அமர்த்தினார். அது ஊர் மரபு அவருக்குக் கொடுத்த அதிகாரம். தலைநகரத்திலிருந்து வந்த ஆணை அன்று.

சட்டப்பிரியன்:

மரபின் அதிகாரம் என்றதும் தென்னாப்பிரிக்காவின் வலோயி மக்களைச் சொல்லியே ஆக வேண்டும். லிம்போபோ மாகாணம். 1968இல் தலைவர் ஃபோஃபோசா ந்வாமித்வா ஆண் வாரிசில்லாமல் இறந்தார். மகள் ஷிலுபானா இருந்தார். ஆனாலும் பதவி தலைவரின் தம்பி ரிச்சர்டுக்குப் போனது. 1990களின் நடுவில் அரச குடும்பமும் ஊர்ச் சபையும் கூடி, அரசியலமைப்பு மாறிவிட்டது, இனி மகளுக்கும் பதவி உண்டு என்று தீர்மானம் போட்டன. ரிச்சர்டு இறந்ததும் அவர் மகன் சிட்வெல் வழக்குப் போட்டு இரண்டு நீதிமன்றங்களில் வென்றார். 2008 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக ஷிலுபானா பக்கம் தீர்ப்பளித்தது.

காரணம் முக்கியம். வழமை என்பது பழங்காலத்தில் உறைந்துபோன ஒன்று இல்லை. அதை வளர்த்தெடுக்கும் அதிகாரம் அந்தச் சமூகத்துக்கே உண்டு என்றது நீதிமன்றம். கரிசல் கேட்டாரே, யாருடைய வழமை என்று. இங்கே ஊரே தன் வழமையைத் திருத்தியது. தடுக்கப் பார்த்தவர்தான் 'பழைய வழமை' என்று நகரத்து நீதிமன்றத்துக்கு ஓடினார்.

கரிசல்:

இந்த வழக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஊர் கூடித் திருத்தினால் நிற்கும். மேலிருந்து திணித்தால் கொழுந்தனார் எழுந்து போய்விடுவார்.

ஏரிக்கரை:

ஊர் கூடுவதற்கே சட்டத்தில் மூன்று பெண்கள் என்ற வரி தேவைப்பட்டது, மறந்துவிட வேண்டாம். அந்த வரி இல்லாத காலத்தில் அந்த மூதாட்டி வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நீங்கள் சொல்லும் ஊர், அவர் இல்லாத ஊர்.

வடலி:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மொராக்கோவும் ஆப்பிரிக்காதானே. அங்கே இனக்குழுக்களின் பொது நிலம் ஏராளம். நகரம் வளர வளர அந்த நிலம் விற்கப்பட்டுக் குழுவினருக்கு இழப்பீடு கொடுக்கப்பட்டது. பயனாளிப் பட்டியலில் ஆண்கள் மட்டும். 2007இல் கெனித்ரா பகுதியின் ஹத்தாதா குழுவைச் சேர்ந்த ருக்கியா பெல்லோட், அரசு ஊழியர், 'பட்டியலில் என் பெயர் எங்கே?' என்று கேட்கத் தொடங்கினார். சகோதரர்களுக்குப் பணம் வந்தது, அவருக்கு ஒரு திர்ஹாம்கூட இல்லை. இப்படிப் பொது நிலம் கொண்ட குழுக்களின் பெண்கள், 'சூலாலியாத் பெண்கள்' என்ற பெயரில் நாடு முழுவதும் திரண்டார்கள். பெண்களையும் சேர்க்கச் சொல்லி 2009இல் உள்துறை சுற்றறிக்கை, 2019இல் சட்டம்.

கரிசலுக்காக ஒரு குறிப்பு: இந்தப் பெண்கள் பொது நிலத்தை உடைக்கச் சொல்லவில்லை. அது உடைபடும்போது எங்களையும் எண்ணு என்றார்கள். நிலம் ஏற்கெனவே சந்தைக்குப் போய்விட்டது. கேள்வி, பணம் பிரிக்கும்போது யார் பெயர் வாசிக்கப்படுகிறது என்பது.

செங்காந்தள்:

நான் தொடங்கிய கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. இன்னொரு சின்ன ஐயம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் பெயர் சான்றிதழில் இருந்து என்ன பயன்? கணவன் வேறொரு பெண்ணைக் கூட்டிப்போய் 'இவள்தான் என் மனைவி' என்று கைநாட்டு வைக்கச் செய்தால்?

தும்பை:

எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் இதற்கு ஒரு வழி செய்தார்கள்: சான்றிதழ்ப் புத்தகத்தில் கணவன், மனைவி இருவருடைய புகைப்படமும் ஒட்டப்படும். அங்கே நிலம் அரசுடையது, விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். குத்தகைக்கு எடுக்க வருகிறவன் படத்தையும் ஆளையும் பார்த்துக்கொள்ளலாம். டிக்ராய் பகுதியில் 1998இல் முதலில் தொடங்கியபோது குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதினார்கள். இருவர் பெயரும் படமும் பின்னால் மற்ற பகுதிகளில் வந்தவை.

ஏரிக்கரை:

தான்சானியாவில் படம் கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் வழமை நிலச் சான்றிதழின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உரிமையாளர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். இருவர் பெயரில் என்றால் இருவருமே. வைக்கும் இடம் கிராம அலுவலகம். அங்கே உட்கார்ந்திருக்கும் செயலருக்கும் வாசலில் நிற்பவர்களுக்கும் யார் யாருடைய மனைவி என்று நன்றாகவே தெரியும். ஆள் மாறாட்டம் செய்ய வேண்டுமானால் மாவட்டத் தலைநகரத்துக்குத்தான் போக வேண்டும்.

கரிசல்:

அப்படியானால் சான்றிதழைக் காப்பாற்றுவதும் ஊரின் கண்தான். இதை நான் முதல் பதிவிலேயே சொன்னேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

தும்பை:

வைத்துக்கொள்ளுங்கள். கூடவே தாளையும் வைத்துக்கொள்ளுங்கள்.